இலை பார்க்கப் போவதும் வீட்டோடு இருப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தேசிய தினக் கொடியைத் தாழ்வாரத்திலிருந்து கழற்றி மடித்து வைத்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "இந்த வருஷம் இலை பார்க்க எங்கே?" தங்கை கேட்பாள், அவள் அலுவலகத் தோழிகள் கேட்பார்கள், மின்தூக்கியில் பார்க்கும் எட்டாவது மாடி மாமியும் கேட்பார். ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டச்சு செய்து விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பயண முகவர் அல்ல. இலையுதிர் காலத்தில் ஐந்து முறை வெளிநாடு போய், அதில் இரண்டு முறை ஏமாந்து திரும்பியவள். அந்த இரண்டில் கற்றதுதான் இங்கே அதிகம்.

இலை சிவந்திருக்கும் நாளை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் முறை நாங்கள் கியோத்தோ போனது அக்டோபர் கடைசியில். "அக்டோபர் என்றால் இலையுதிர் காலம்தானே" என்று நானே முடிவு செய்து டிக்கெட் எடுத்தேன். போய் இறங்கினால் மரமெல்லாம் பச்சைப் பசேல். வீட்டுக்காரர் ஒரு மேப்பிள் மரத்தடியில் நின்று, "இதை நம்மூர் உட்லண்ட்ஸிலேயே பார்த்திருக்கலாமே" என்றார். இரண்டாம் முறை உஷாராகி, நவம்பர் கடைசியில் சோல் போனோம். அங்கே மரங்கள் மொட்டையாக நின்றன.

சூட்சுமம் இதுதான். ஜப்பானில் சக்குரா தெற்கே பூக்கத் தொடங்கி வடக்கு நோக்கிப் போகும். சிவப்பு இலை நேர் எதிர்: வடக்கே ஹொக்கைடோவில் தொடங்கித் தெற்கே இறங்கும். குளிர் எங்கே முதலில் வருகிறதோ அங்கே முதலில் சிவக்கும். மலை உச்சி முதலில், அடிவாரம் பிறகு. ஹொக்கைடோவின் தைசெட்சுசான் மலையில் செப்டம்பர் நடுவிலேயே சிவந்துவிடும். சப்போரோ நகரில் அக்டோபர் கடைசி. நிக்கோவில் மேலே ஏரிப் பக்கம் அக்டோபர் நடுவிலிருந்து, கீழே நவம்பர் தொடக்கம். கியோத்தோவும் தோக்கியோவும் நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. கொரியாவில் சொராக்சான் மலை அக்டோபர் பிற்பாதியில். சோல் நகரம் நவம்பர் முதல் பாதி. தெற்கே நேஜாங்சான் நவம்பர் முதல் இரண்டு வாரம்.

இது பொதுக் கணக்குதான். ஒரு வருடம் வெயில் நீண்டால் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப் போகும். ஜப்பானிலும் கொரியாவிலும் செப்டம்பரிலேயே இலை முன்னறிவிப்பு வெளியிடுவார்கள், அவ்வப்போது திருத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம் என்று காத்திருந்தால் விலை ஏறிவிடும். நான் செய்வது: டிக்கெட்டை முன்பே எடுத்து, ஒரே ரயில் பாதையில் உயரமான ஊர் ஒன்றும் தாழ்வான ஊர் ஒன்றும் தங்குவதற்கு வைத்துக்கொள்வேன். மேலே உதிர்ந்திருந்தால் கீழே இருக்கும். கீழே பச்சையாக இருந்தால் மேலே சிவந்திருக்கும்.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை நவம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான். அப்போது எங்கே போகலாம்?

சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு இதுதான் உண்மையான கேள்வி. செப்டம்பர் விடுமுறை ஒரே வாரம், அதுவும் தேர்வுக்கு முன்னால். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் செப்டம்பர் என்ற பேச்சையே எடுக்க முடியாது. ஆகவே வருடக் கடைசி விடுமுறைக்குள் இலை பார்க்க வேண்டுமென்றால் கியோத்தோ, நாரா, தோக்கியோ. இன்னும் தாமதமாகப் போகிறீர்களா, தோக்கியோவுக்குத் தெற்கே கமக்குரா இருக்கிறது. கடலோர ஊர், குளிர் மெதுவாகத்தான் வரும், டிசம்பர் முதல் வாரத்திலும் நன்றாக இருக்கும். தைவானில் அலிஷான் மலைப் பக்கமும் நவம்பர், டிசம்பர் தோது, பறக்கும் நேரமும் ஐந்து மணி நேரத்துக்குள்தான். கொரியாவை அந்தச் சமயத்தில் இலைக்காக நம்ப வேண்டாம். சாப்பாட்டுக்காக வேண்டுமானால் போகலாம்.

கியோத்தோவில் அந்த வாரம் கூட்டம் நெரியும். தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டில் நடந்து பழகியவர்களுக்கு ஒன்றும் புதிதல்ல. தோபுக்குஜி, எய்கான்டோ போன்ற பேர்பெற்ற கோயில்களுக்குக் கதவு திறக்கும்போதே போய் நிற்க வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் இலையைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். நகரப் பேருந்தைத் தவிர்த்து ரயிலில் போங்கள். நாங்கள் ஒரு பேருந்துக்கு நாற்பது நிமிடம் நின்று, கடைசியில் நடந்தே போனோம். அந்த நடையில் ஒரு பெயரில்லாச் சந்துக் கோயிலைப் பார்த்தோம். ஒரே மரம், ஆள் யாரும் இல்லை, தரை முழுக்கச் சிவப்பு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "அழகுதான். ஆனா இதையெல்லாம் யார் பெருக்குவா?" என்றார்.

எங்களுக்கு ஏப்ரலில்தான் விடுப்பு கிடைக்கும்.

தெற்கு நோக்கிப் பறந்துவிடுங்கள். மார்ச் முதல் மே வரை அங்கே இலையுதிர் காலம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிரைட் என்ற சிற்றூரும் நியூசிலாந்தின் ஏரோடவுனும் இதற்குப் பேர்போனவை, இரண்டுமே ஏப்ரல் பிற்பாதியில். ஆனால் பள்ளி நாட்கள். பிள்ளையில்லாதவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள் பாடு கொண்டாட்டம்.

இந்தியாவிலேயே பார்க்க முடியாதா?

தாராளமாக. காஷ்மீரில் சினார் மரங்கள் அக்டோபர் பிற்பாதியிலிருந்து நவம்பர் நடுவரை மஞ்சளாகி, செம்பழுப்பாகி உதிரும். அங்கே அந்தப் பருவத்துக்கு 'ஹருத்' என்று பெயர். சிங்கப்பூரிலிருந்து டெல்லி போய், அங்கிருந்து ஸ்ரீநகருக்கு விமானம் மாற வேண்டும். போகும் முன் அரசின் பயண ஆலோசனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் பண்டிகை முடிந்து நான்கு நாள் ஒதுக்கினால் போதும். நான் இன்னும் போகவில்லை. போன நண்பர்கள் காட்டிய படங்களைப் பார்த்ததிலிருந்து வயிற்றெரிச்சல்.

இலை ஏன் நிறம் மாறுகிறது? பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

என் மகன் விமானத்திலேயே கேட்டுவிட்டான், எனக்குத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. பகல் குறுகிக் குளிர் வரும்போது, குளிர்காலத்தில் இலையை வைத்துக் காப்பாற்றுவது கட்டுப்படியாகாது என்று மரம் கடையைக் கட்டத் தொடங்கும். இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலிருக்கும் சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். பச்சை போனதும் அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரியும். அது கரோட்டினாய்டு, கேரட்டில் இருப்பதன் உறவுக்கார நிறமி. கிங்கோ மரம் மஞ்சளாவது இப்படித்தான்.

சிவப்பு மட்டும் வேறு. அது மறைந்திருந்த நிறம் அல்ல, இலை சாகும் தறுவாயில் புதிதாகத் தயாரிப்பது. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்ற நிறமி உண்டாகிறது. நாவல் பழத்துக்கு நிறம் தருவதும் அந்த வகைதான். பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி விழாத அளவுக்குக் குளிர் என்று இருந்தால் சிவப்பு தூக்கலாக வரும். கடைசியில் காம்பின் அடியில் ஒரு அடுக்கு உருவாகி, காற்றடித்தால் கழன்று விழும்.

கிங்கோ மரத்தடியில் கவனமாக நடக்கச் சொல்லுங்கள். விழுந்து கிடக்கும் அதன் பழத்தை மிதித்தால் வாந்தி நாற்றம் செருப்பை விட்டுப் போகாது. இங்கே சீன இனிப்புக் கடைகளில் சேப்பங்கிழங்குக் கூழின் மேல் மஞ்சளாக வைத்துத் தருகிறார்களே, அந்தக் கொட்டை இந்த மரத்தினுடையதுதான்.

குளிருக்கு என்ன வாங்க வேண்டும்?

நவம்பர் கடைசியில் கியோத்தோவில் பகல் 13, 14 டிகிரி, காலை 5, 6 டிகிரி. பனிமனிதன் மாதிரியான கோட்டு வேண்டாம். ரயிலுக்குள் வெப்பமூட்டி வைத்திருப்பார்கள், உள்ளே ஏறியதும் வியர்த்துக் கொட்டும். மூன்று அடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். உள்ளாடைக்கு யூனிக்லோவின் ஹீட்டெக் போதும். கையுறை, தொப்பி, கழுத்துக்குச் சுற்றும் துணி எல்லாம் முஸ்தபா கடையில் கிடைக்கும். ஜாக்கெட்டை யாரிடமாவது இரவல் கேளுங்கள். சிங்கப்பூரில் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஒரு ஜாக்கெட் பாச்சா உருண்டையோடு தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

யாரும் சொல்லாத ஒன்று காலுறை. கியோத்தோ கோயில்களில் பல கட்டடங்களுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த மரத்தரை ஐஸ் மாதிரி இருக்கும். தடித்த காலுறை இரண்டு சோடி, குனியாமல் கழற்றி மாட்டும் காலணி. இது இரண்டும் இருந்தால் பாதிப் பயணம் சுகம்.

தோல் வறண்டு உதடு வெடிக்கும், வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் எடுத்துப் போனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். எண்ணெய் வெள்ளைக் கட்டியாக நிற்பதை முதல்முறை பார்த்த என் மகளுக்கு மேப்பிள் இலையைவிட அதுதான் அதிசயம். சுடுதண்ணீர்க் குவளையில் பாட்டிலை நிறுத்தி உருக்க வேண்டியிருந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் எப்படிச் சமாளிப்பது?

ஜப்பானில் கஷ்டம்தான். இறைச்சி இல்லை, மீன் துண்டு இல்லை என்று பார்த்து வாங்கினாலும், சாற்றிலும் குழம்பிலும் டாஷி இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுக்கும் சாறு. வெறும் கீரை மசியலிலும் ஊற்றியிருப்பார்கள். "சைவமா?" என்று கேட்டால் ஆமென்பார்கள், அவர்கள் கணக்கில் டாஷி ஒரு பொருட்டே அல்ல. "மீன் சாறும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு சீட்டைக் கைபேசியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். கொரியாவில் கிம்ச்சியில் மீன் சாஸ் அல்லது உப்பிட்ட இறால் சேர்ப்பது வழக்கம்.

நல்ல செய்தியும் உண்டு. கியோத்தோ புத்தக் கோயில்களைச் சுற்றி ஷோஜின் ரியோரி என்ற துறவிகள் சாப்பாடு கிடைக்கும். சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூட இருக்காது. நம் விரதச் சமையலின் தூரத்து உறவு என்று சொல்லலாம். விலை அதிகம், ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேளைகளுக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஜப்பானில் யாக்கி இமோ என்பார்கள், பல்பொருள் அங்காடி வாசலிலேயே சுடச்சுட வைத்திருப்பார்கள். தோலை உரித்தால் உள்ளே வெல்லப்பாகு மாதிரி ஒழுகும். குளிரில் கையில் பிடித்து நடந்தால் கையுறையே தேவையில்லை.

புரட்டாசி விரதம் இருப்பவர்கள் அக்டோபர் 17 வாக்கில் அது முடிந்தபின் கிளம்பினால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

புளிக்காய்ச்சலும் தொக்கும் எடுத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் தொக்கையும் 'ஜெல்' கணக்கில் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எதுவும் வேண்டாம். ஜப்பானில் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். இறைச்சிப் பொருளுக்கும் தடை. பருப்புப் பொடி பயமில்லை.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள், ஆனால் ஒரு நாளைக்கு ஓர் இடம். கோயில்களில் கல்படிகள் ஏராளம். அப்புறம், இருட்டு. சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணிக்குப் பொழுது சாய்ந்து பழகிய நமக்கு, கியோத்தோவில் நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைவது பெரிய அதிர்ச்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால் நாள் முடிந்திருக்கும். அதனால் காலையில் சீக்கிரம் கிளம்பி, நான்கு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஜப்பான் விசா வேண்டும், சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை வேண்டாம். நிரந்தரவாசிகள் தங்கள் மறுநுழைவு அனுமதி காலாவதி ஆகவில்லையா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பத்து வருடமாக இங்கே இருக்கிறோம் என்ற தைரியத்தில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

தீபாவளியை ஒட்டி விடுமுறை வருகிறது, அப்போது போய்விட்டு வரலாமா?

கணக்குப்படி லாபம். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. மறுநாள் திங்களும் விடுமுறை. சோல் அப்போது மஞ்சளும் சிவப்புமாக இருக்கும் சமயம். ஆனாலும் நான் போக மாட்டேன். ஒருமுறை போய்ப் பார்த்தாயிற்று. தீபாவளிக் காலையில் விடுதி அறையில் குட்டிப் பாட்டிலில் இருந்த எண்ணெயைத் தலையில் வைத்து, ரொட்டிக்கு ஜாம் தடவிச் சாப்பிட்டோம். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. கேம்பல் லேன் சந்தையில் கூட்டத்தில் இடிபட்டு, மருதாணி வைத்து, சிராங்கூன் ரோட்டு விளக்குகளைப் பார்த்து வராத தீபாவளி எனக்குக் கணக்கில் சேராது.

இலையுதிர் காலத்துக்குத் தமிழில் சொல் இருக்கிறதா?

'இலையுதிர் காலம்' பிற்காலத்தில் அமைத்துக்கொண்ட தொடர். நம் ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர். ஈரக் காற்று அடிக்கும் குளிர்காலம், இலைக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. குறிஞ்சிக்கு உரிய பொழுதுகளில் ஒன்று. யோசித்துப் பார்த்தால் சிங்கப்பூரின் நவம்பருக்கு இந்தச் சொல்தான் சரியாகப் பொருந்துகிறது.

சிங்கப்பூரில் பருவமே கிடையாதே, இங்கே என்ன பார்ப்பது?

இந்தப் பேச்சை நானும் ரொம்ப வருடம் பேசிக்கொண்டிருந்தேன். நில நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டர்தான், பருவம் எங்கிருந்து வரும் என்று. இரண்டு முறை நாள் தப்பி ஏமாந்த பிறகுதான் இங்கேயும் நாள் பார்க்கும் பழக்கம் வந்தது.

செப்டம்பர் 20 வாக்கில் மதியம் ஒரு மணிக்குச் சற்று முன் புளோக்குக்குக் கீழே திடலில் போய் நில்லுங்கள். உங்கள் நிழல் காலடிக்குள் போய்விடும். சூரியன் நேர் உச்சியில். இது வருடத்தில் இரண்டு முறைதான், இன்னொன்று மார்ச்சில். பிள்ளைகளோடு ஒரு தண்ணீர்ப் பாட்டிலை நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

பகலின் நீளம் பெரிதாக மாறாவிட்டாலும் சூரியன் எழும் நேரம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பிப்ரவரியில் காலை ஏழே காலுக்கு மேல் உதிக்கும் சூரியன், நவம்பர் தொடக்கத்தில் ஏழுக்குக் கால் மணி முன்பே வந்துவிடும். பள்ளிப் பேருந்துக்காகப் பிள்ளையோடு கீழே நிற்பவர்களுக்கு இது தெரியும். வருடத் தொடக்கத்தில் கும்மிருட்டு, அக்டோபரில் பிள்ளையின் முகம் தெரியும்.

இலை சிவப்பதைப் பார்க்க வேண்டுமா, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நாட்டு வாதுமை மரங்கள் இருக்கின்றன. மலாயில் கெத்தாப்பாங். உதிரும் முன் அகல இலைகள் செக்கச் செவேலென்று ஆகும். வருடத்துக்கு இரு முறைகூட உதிர்க்கும். சண்டை மீன் வளர்ப்பவர்கள் அந்தக் காய்ந்த இலையை எடுத்துப் போய்த் தொட்டியில் போடுவார்கள். கியோத்தோவுக்கு ஈடா என்று கேட்டால் இல்லை. ஆனால் டிக்கெட் இல்லை, பெட்டி இல்லை, பக்கத்திலேயே சாத்தே கிடைக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது சுங்கை புலோ சதுப்புநிலக் காப்பகம். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியாப் பக்கமிருந்து உள்ளானும் உப்புக்கொத்தியும் குளிருக்குத் தப்பி அங்கே வந்து இறங்கும். நாம் பணம் கட்டிப் பார்க்கப் போகிற அதே குளிரிலிருந்து அவை ஓடி வருகின்றன! நீரேற்ற நேரம் பார்த்துப் போங்கள். கரைச்சேறு மூழ்கியதும் பறவைகள் உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து ஒதுங்கும், மறைவிடத்திலிருந்தே பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. கொசு மருந்து மட்டும் மறக்க வேண்டாம்.

செலவில்லாமல் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?

நடு இலையுதிர்கால விழாவுக்குச் சீன அண்டைவீட்டார் காகித விளக்கு ஏற்றும்போது நம் பிள்ளைகளையும் அனுப்புங்கள். சீன நாட்காட்டியில் எட்டாம் மாதப் பௌர்ணமி, நம் கணக்கில் ஆவணி புரட்டாசி வாக்கில் வரும். அந்த வாரம் ஈரச்சந்தையில் பம்பளிமாசு மலையாகக் குவிந்திருக்கும். தோலைத் தொப்பியாகக் கவிழ்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். சைனாடவுனில் விளக்கலங்காரம் பார்த்துவிட்டு அப்படியே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தால், தீமிதிக்கான ஆயத்தமும் அதே பருவத்தில்தான். நவராத்திரியும் பெரும்பாலும் இதை ஒட்டியே வரும். கொலுவுக்கு யார் அழைத்தாலும் போய்விடுங்கள், ஒன்பது நாள் சுண்டலுக்குக் கவலையில்லை.

மூன்கேக் சைவம்தானா?

கேட்டுத்தான் வாங்க வேண்டும். பழைய முறையில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், நடுவில் உப்பிட்ட முட்டைக்கரு இருக்கும். சைவம் என்று தனியாக முத்திரையிட்டவையும் ஹலால் சான்றிதழ் பெற்றவையும் நிறையக் கிடைக்கின்றன. தாமரை விதை விழுது உள்ளதை எட்டுத் துண்டாக வெட்டி, ஒரு துண்டோடு நிறுத்துங்கள். திகட்டும்.

மழைக்காலத்தில் வீட்டில் அடைந்து கிடப்பதுதானே?

டிசம்பர்தான் பெரும்பாலும் அதிக மழை மாதம். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். 2018 ஜனவரியில் 21 டிகிரிக்கு இறங்கியபோது ஊரே ஜாக்கெட் போட்டுக்கொண்டு காப்பிக்கடையில் தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர் குடித்தது. காய்கிற துணியைக் கழியோடு உள்ளே இழுக்க ஓடுவதைத் தவிர எனக்கு இந்த மழையில் வேறு குறையில்லை. மிளகாய் பஜ்ஜி, இஞ்சித் தேநீர், கார்த்திகைக்குத் தாழ்வாரத்தில் அகல் விளக்கு. காற்று அணைக்கும், திரும்ப ஏற்றுவோம்.

இன்னொன்றும் இருக்கிறது. புறா ஆர்க்கிட் என்று ஒரு வெள்ளைப் பூ, தூங்குமூஞ்சி மரக்கிளைகளில் ஒட்டி வளரும். சும்மா பார்த்தால் வாடிய புல் மாதிரி இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு பெருமழை பெய்து திடீரென்று குளிர்ந்தால், அதிலிருந்து ஒன்பது நாள் கழித்து ஊரிலுள்ள செடிகளெல்லாம் ஒரே காலையில் பூக்கும். மணக்கும். மாலைக்குள் வாடிவிடும். முன்னறிவிப்பு வெளியிட யாரும் இல்லை, நாமேதான் எண்ண வேண்டும்.

இந்த வருடம் நீங்கள் எங்கே?

எங்கும் இல்லை. மகளுக்குத் தேர்வு. செவ்வாய்க்கிழமை நல்ல மழை பெய்தது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் அடுத்த வியாழக்கிழமையை வட்டமிட்டிருக்கிறேன்.